முதல் கேள்வி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு கிராமங்களில் யார் இறந்தாலும், மூன்று மாதம் கழித்து வீடு தேடிப் போய் நோய் விவரம் கேட்டு எழுதுவது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. சிபோனெலோ படிவத்தோடு உட்கார்ந்திருந்தான். எதிரே அவனுடைய மேற்பார்வையாளர் நொம்புசோ.

"மகேவைக் குடிச்சிட்டு ஆரம்பி. குடுத்ததைக் குடிக்காம கேள்வி கேட்டா எந்த வீட்டுலயும் வாயைத் திறக்க மாட்டாங்க."

புளித்த கூழை ஒரே மடக்கில் குடித்தான். "குழந்தைக்குக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்துச்சுக்கா?"

"நாலு நாள். காகிதத்தைப் பாக்காத, முகத்தைப் பாத்துக் கேளு. பன்னெண்டு வருஷமா கத்துறேன், ஒருத்தனும் கேக்கறதில்ல."

"மூச்சு வாங்குச்சா?"

"கடைசி நாள். விலா உள்ள இழுத்துச்சான்னு அடுத்த கேள்வி. இழுத்துச்சு."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் லேட்டு?"

"அம்மாக்காரி வேலைக்குப் போயிட்டா. வெறும் சளின்னு நெனச்சுட்டா."

அவன் படிவத்தை மூடினான். "போதும்க்கா. கிளம்பறேன்."

"உக்காருடா. முதல் கேள்வியை விட்டுட்ட."

"அதை நானே எழுதிக்கறேன்."

"கேக்காம எழுதினா செல்லாது. சரிபார்க்க எங்கிட்டதான் வரும், நான் திருப்பி அனுப்பணும். நீ மறுபடி வந்து எல்லாத்தையும் முதல்லேருந்து கேக்கணும். இப்பவே கேட்டுடு."

சிபோனெலோ இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"இறந்த குழந்தைக்கு நீங்க என்ன உறவு?"

"அம்மா" என்றாள் நொம்புசோ.