சிவப்பு மறையவில்லை

"என்ன செஞ்சாலும் வேலைக்கு ஆகல. கோளாறு எங்கேன்னு நீங்களாவது பாருங்க."

என்ன செய்ய வேண்டும் என்று உள்ளே நுழைந்ததும் அவள் கேட்டதற்கு, வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்ன பதில் இது.

அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. கோளாறு கண்டுபிடிப்பது அவளுக்குக் கைவந்த கலை. குழந்தைக்காக வேலையை விட்டபின் வரும் முதல் இன்டர்வியூ. வாய்மொழிக் கேள்விகளில் ஏகத்துக்குச் சொதப்பியிருந்தாள். செய்முறைத் தேர்வு வராந்தாவின் கடைசியில் என்றார்கள். இதிலும் கோட்டைவிட்டால் வேலை அம்போ என்று ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள்.

குடுவைக்குள் புரோமின். வெளிச்சம் பட்டால் அது உடைந்து, கூட இருக்கும் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்பு நிறம் மறையும். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தாள். சிவப்பு அப்படியே இருந்தது.

புரோமின் பழசா, கரைப்பான் சுத்தமா, காற்றை வெளியேற்ற நைட்ரஜன் விட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று என்றார் அவர், அழாத குறையாக. மனுஷர் நன்றாகவே நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கோ கண் கூசும்படி எரிகிறது. பிறகு என்ன கேடு? குடுவையை உற்றுப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பலே சார். புரோமின் பாட்டில் பழுப்புக் கண்ணாடியில வருதுன்னு குடுவையையும் பழுப்புல வெச்சிட்டீங்க. அந்தப் பழுப்பு வெளிச்சத்தைத் தடுக்கத்தானே?"

அவர் குடுவையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

கையுறை மாட்டி, எல்லாவற்றையும் நிறமில்லாத கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, விளக்கடியில் வைத்தாள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து, கடைசியில் தண்ணீர் போலத் தெளிந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த மகிழ்ச்சியில் வாய் சும்மா இருக்கவில்லை.

"தேர்வை இன்னும் கொஞ்சம் கஷ்டமா வெச்சிருக்கலாம் சார். இவ்வளவு அசட்டுத்தனமா நிஜத்துல எவன் செய்வான்?"

கதவைத் தள்ளிக்கொண்டு வரவேற்பறைப் பெண் வந்தாள். "மேடம், இங்கே என்ன பண்றீங்க? தேர்வு எதிர் ரூம்ல. எல்லாரும் காத்திருக்காங்க."

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"காத்திருக்க வேணாம், வேலை இவங்களுக்குத்தான்னு சொல்லிடும்மா" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, கம்பெனியின் தலைமை விஞ்ஞானியான அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"அந்த எவன் நான்தாம்மா. மூணு மாசமா."