வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கல்யாணம்

என் இரண்டு கண்ணின் மேலும் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்" என்றாள் அம்மா. மகள் ஷெனாலியின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

அம்மா டொறீன் மாத்தளையில் ஆடை தைக்கும் காமண்ட் ஒன்றில் இருபது வருஷம் வேலை செய்தவள். போன வாரம்தான் வேலையை விட்டாள். மாதக் கடைசிக்குள் கம்பஸ் காசு கட்டாவிட்டால் ஷெனாலியின் இடம் போய்விடும்.

"கல்யாணத்துக்காக வேலைய விட்டா, பொம்பளைக்கு, சம்பளத்துல புடிச்சு வெச்ச ஈ.பி.எஃப். காசு ஒடனே குடுப்பாங்க. இல்லாட்டி அம்பது வயசு வரைக்கும் காத்திருக்கணும். ஒன் படிப்பு காத்திருக்குமா?"

"அது ஒங்க வயசான காலத்துக்கு வெச்ச காசும்மா!"

"கெழவியானா நீ சோறு போடு."

"ஆளு யாரு?"

அம்மா இன்னொரு ரொட்டியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"அப்பா, நீங்களாச்சும் கேளுங்க!"

அப்பா யோகராஜ் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். "நல்ல மனுஷன்தான் மகள். முட்டி வலி மட்டும் கொஞ்சம் இருக்கு."

"வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?"

"ஊருக்குத் தெரிஞ்சா வெக்கந்தான். அதான் யாருக்கும் சொல்லல."

ஷெனாலி கத்திய கத்தலில் தெருவில் போன இரத்தோட்டை பஸ் பிரேக் போட்டு நின்றது.

வெள்ளிக்கிழமை, கல்யாணத்தை நிறுத்தியே தீருவதென்று அம்மாவின் பின்னாலேயே பதிவாளர் கந்தோருக்குப் போனாள்.

"மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார் பதிவாளர்.

அப்பா கையைத் தூக்கினார்.

எல்கடுவையிலிருந்து ஓடிவந்து கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட அந்த இருவரும், இருபத்திரண்டு வருஷமாகத் தங்கள் கல்யாணத்தைப் பதியவே இல்லை.