வியாழக்கிழமை நாக்கு

“தம்பி, நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க. நிஜம் சொல்ற நாக்கா, பொய் சொல்ற நாக்கான்னு இன்னைக்குப் பார்த்துடறேன்.”

கேமரா முன்னால் இருந்த தாங்கியில் முகவாயை வைத்திருந்த லுவோ, நீட்டிய நாக்கோடு கண்ணாலேயே சிரித்தான். கேமரா பளிச்சென்று மின்னியது.

டாக்டர் ஃபாங் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை மறுபடி பார்த்தார். இதே நாக்கில் வெள்ளைப் படிவு இருக்கிறது என்று நேற்று வரை சொன்ன கம்ப்யூட்டர், இன்று துளிகூட இல்லை என்றது. போன வியாழக்கிழமையும் இதே கதைதான்.

நாக்கைப் பார்த்தே நோயைச் சொல்வதில் சீனாவின் செங்டு நகரத்தில் இந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வருடப் பெயர். அந்தப் பார்வையைக் கம்ப்யூட்டருக்குப் பழக்க இரண்டு வருடமாக மாடாய் உழைத்திருந்தார். ஒரு நாக்கை என்றைக்குப் படம் எடுத்தாலும் ஒரே பதில் வர வேண்டும். சோதித்துப் பார்க்க நாளைக்குக் குழு வருகிறது. பதில் மாறினால் திட்டத்துக்கே மூடுவிழாதான்.

போதாக்குறைக்கு, இன்ஜினியர் தெங் காலையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிட்டான்: “மத்த நாளெல்லாம் நான் படம் எடுக்கறேன், சரியா வருது. வியாழக்கிழமை நீங்க எடுக்கறீங்க, மாறிப்போகுது. கோளாறு மெஷின்லயா டாக்டர், கையிலயா?”

அந்தக் கோபமெல்லாம் இப்போது லுவோ பக்கம் திரும்பியது.

“ஒழுங்கான ஆளுன்னு என் பொண்ணு யாச்சின் சொன்னதாலதான் தினமும் நாக்கைக் காட்ட உங்களைச் சேர்த்தேன். காபி குடிச்சுட்டு வந்தீங்களா?”

“இல்லை டாக்டர்.”

“நேத்து கொதிக்கிற ஹாட்பாட் சூப்புல மிளகாயை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டீங்களா?”

“வெறும் கஞ்சிதான்.”

“அப்புறம் எப்படித் தம்பி ஒரே நாள்ல நாக்கு மாறும்?”

லுவோவின் காது சிவந்தது. “வியாழக்கிழமை மட்டும்... நாக்கை நல்லா வழிச்சுட்டு வரேன்.”

ஃபாங் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ‘நாக்கு வழிக்காமல் வரவும்’ என்று அவன் தலைக்கு மேலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. ஆனாலும் கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இயந்திரம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

“தெங், மெஷின் பாஸ். என் கையும் பாஸ்” என்று அடுத்த அறைக்குக் கேட்கும்படி கத்தினார். மனசு லேசாகிவிட்டது.

பிறகு லுவோவிடம் திரும்பி, “தெங்குக்கு மட்டும் வழிக்காம காட்டறீங்க. ஆயிரம் ஆயிரம் நாக்கைப் பார்த்த டாக்டர் நான், என்கிட்ட என்ன கூச்சம்?” என்றார்.

லுவோ எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“டாக்டர்கிட்ட கூச்சம் இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை யாச்சினே உங்ககிட்ட சொல்றதா இருக்கா. கட்டிக்கப்போற பொண்ணோட அம்மாகிட்ட அழுக்கு நாக்கை எப்படி நீட்டறது, அத்தை?”