திரை போட்ட அலமாரி

அன்று எங்கள் குடும்பத்துக் கால்பந்து கிளப்பின் அறையில் இருந்தவர்கள் நான், என் தம்பி, என் மகள், அணியின் பயிற்சியாளர்.

“வீடியோ கேம் ஆடுற பசங்களை வச்சு ஒரு டீம் ஆரம்பிக்கலாம்ப்பா. பெரிய கிளப்பெல்லாம் அதுலதான் பணம் போடுறாங்க,” என்றாள் மகள்.

“நாற்காலியைத் தேய்க்கிறதெல்லாம் விளையாட்டாம்மா?”

“கோப்பையோட வந்தா?”

என் தந்தை செய்துவைத்த கண்ணாடி அலமாரியைக் காட்டினேன். வெயில் படக்கூடாதென்று அதற்கு எப்போதும் திரை போட்டிருப்போம். “வேர்வை சிந்தி ஜெயிச்ச கோப்பைக்குத்தான் அதுல இடம். அது நம்ம பரம்பரை கௌரவம்.”

தம்பிக்கு இருமல் வந்தது. பயிற்சியாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மகள் கேட்ட பணத்தைக் கொடுத்தேன். அலமாரிச் சாவியைக் கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டே அந்தப் பையன்கள் சாம்பியன் கோப்பையோடு வந்து நின்றார்கள்.

“வேர்வை சிந்துனீங்களா?” என்றேன்.

“ஃபைனல் அன்னைக்கு ஏசி ரிப்பேர் ஐயா. சட்டையைப் பிழிஞ்சோம்.”

கொள்கைக்குப் பங்கமில்லை. நானே திறந்து, கோப்பையை நடுத்தட்டில் வைத்தேன்.

அதற்கு இடம் பண்ண, முன்னோர் வென்ற கால்பந்துக் கோப்பைகளை நான் அப்புறப்படுத்தியதாக ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. அது பொய். அந்த அலமாரியிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு அதில் ஒருநாளும் எதுவும் இருந்ததில்லை.