பழனியாண்டி என்று கூப்பிட்டபோது

"ரத்தமெல்லாம் தரமாட்டேன் டாக்டரம்மா. கொண்டுபோய் எங்க விப்பீங்களோ," என்றார் பழனியாண்டி.

பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த டாக்டர் மேனுஷா விடவில்லை.

"கொரோனா நேரம் இந்தத் தோட்டத்து லயத்துல வீட்டுக்கு ஒருத்தர சோதிச்சாங்க. பன்னிரண்டு பேர்ல உங்களுக்கு மட்டும்தான் தொற்று இல்ல. அது ஏன்னுதான் ஆராய்ச்சி பண்றோம் தாத்தா. உங்க ரத்தம் எத்தனையோ பேரக் காப்பாத்தலாம்."

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"அன்னிக்கு எனக்கு அனலாக் காய்ச்சல். கொரோனா முகாமுக்கு ஏத்திருவாங்கன்னு கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன். 'பழனியாண்டி'ன்னு கூப்பிட்டதும் என் சம்சாரம் பெரியாயி மாஸ்க்கப் போட்டுக்கிட்டுப் போய் மூக்கக் காட்டிட்டா. சோதிக்க வந்த சிங்கள ஆபீசர் மாத்தயாவுக்கு நம்ம பேருல எது ஆம்பிள, எது பொம்பிளன்னு என்ன தெரியும்? லயம் முழுக்கப் படுத்துக் கிடக்க, அவதான் வீடு வீடாக் கொத்தமல்லி அவிச்சு ஊத்துனா. ஒரு தும்மல்கூட வரல அவளுக்கு."

மேனுஷா ஊசியோடு எழுந்தாள். "பாட்டி எங்க? உடனே கூப்பிடுங்க."

"போன மழைக்கு மலை சரிஞ்சதுல போயிட்டா," என்றார். "அந்தச் சோதனைப் பேப்பர்ல என் பேர வெட்டிட்டு, பெரியாயின்னு எழுதிக்கங்க டாக்டரம்மா."