தெல்மாவின் முகம்

"அப்பா, ஹேஸ்கல் வர்றாரு. ஓடிறாதீங்க."

ஜுனிபர் சொல்லி வாயை மூடவில்லை. லைல் மேசைக்கு அடியில் இருந்தார்.

"எந்திரிங்கப்பா, மானம் போகுது! நம்மகிட்ட லைசென்ஸ் இருக்கு. இங்க விக்கிறதும் வெறும் டீ-சர்ட்தான்."

"அது எனக்குத் தெரியும்மா. முட்டிக்குத் தெரியல. தானா மடங்கிருச்சு."

பக்கத்து ஆப்பிள் ஜாம் கடைக்காரி சிரித்தாள். இன்னொரு பக்கம் போட்டிக்கு வந்த பன்றிகள் உறுமிக்கொண்டிருந்தன. வருடாந்திரக் கண்காட்சியில் கஞ்சாப் பண்ணைக்கு ஒரு கடை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

வட கலிபோர்னியாவின் அந்த மலையில் கஞ்சா வளர்த்தவர்கள் அதை வாயால் சொன்னதே கிடையாது. பள்ளியில் கேட்டால் 'எங்கப்பா தச்சர்' என்று சொல்லத்தான் ஜுனிபருக்கு லைல் சொல்லிக் கொடுத்திருந்தார். தச்சர் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியும் ஆடும்.

சட்டம் மாறியது. எல்லோரும் பகிரங்கமாக வளர்க்க ஆரம்பித்தார்கள். விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. "பெரிய கம்பெனியோட மோதணும்னா நமக்குன்னு ஒரு பேரு வேணும்ப்பா. பேரு போட்ட சட்டை, தொப்பி, காபிக் கோப்பை எல்லாம் வேணும்" என்று ஜுனிபர் பிடிவாதம் பிடித்தாள். இவை விற்காவிட்டால் பண்ணையைக் கைமாற்றிவிடுவது என்று அப்பாவும் மகளும் பேசி முடித்திருந்தார்கள்.

'ஒரே ஒரு புகார் வந்தாலும் கடையைக் கட்டணும்' என்ற நிபந்தனையோடுதான் கண்காட்சிக் குழு இடம் கொடுத்தது. புகாரை விசாரிக்கும் பொறுப்பு ஹேஸ்கலுக்கு. ஓய்வு பெற்ற போலீஸ்காரர். ஒவ்வொரு அறுவடைக்கும் ஹெலிகாப்டரோடு வந்து லைலின் செடிகளை வெட்டிச் சாய்த்தவர். செடி கிடைத்ததே தவிர, லைல் மட்டும் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அந்த எரிச்சல் மனிதருக்கு இன்னும் இருக்கும் என்றுதான் ஊரில் பேச்சு.

ஹேஸ்கல் ஒரு சட்டையை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"லைசென்ஸ் நம்பர் எங்க?"

"இதோ, கீழ் ஓரத்துல போட்டிருக்கு சார்" என்று ஜுனிபர் காட்டினாள்.

"சின்னப் பசங்க மயங்கிருவாங்கன்னு, கஞ்சா விளம்பரத்துல கார்ட்டூன் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கே, தெரியுமா?"

"இது கார்ட்டூன் இல்ல சார். அசல் பொம்பளை மாதிரிதான் வரைஞ்சிருக்கேன்."

சுருட்டை முடி, மூக்குக்கண்ணாடி, காதில் டெலிபோன். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே 'தெல்மா பண்ணை' என்று எழுத்து.

"யாரு இது?"

"சும்மா... ஒரு பேரு" என்றார் லைல்.

"எதுக்குப்பா மழுப்பறீங்க? இப்ப என்ன பயம்?" ஜுனிபர் முன்னால் வந்தாள். "சார், நீங்க ரெய்டு வர்ற அன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்கு ஒரு போன் வரும். மூக்கைப் பிடிச்சிக்கிட்டுப் பேசற மாதிரி ஒரு குரல். 'தெல்மா வந்துட்டாளா?'ன்னு கேக்கும். அப்படி இங்க யாரும் இல்லைன்னு சொன்னா, 'சரி, வந்துருவா'ன்னு வெச்சிரும். கொஞ்ச நேரத்துல உங்க ஹெலிகாப்டர் சத்தம் கேக்கும். அதுக்குள்ள நாங்க மலைக்கு அந்தப் பக்கம் எங்க அத்தை வீட்டுல இருப்போம்."

ஹேஸ்கலின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"ஓஹோ. அதான் அடுப்புல காபி சூடா இருக்கும், குடிக்க ஆள் இருக்காது. போன் பண்ணது யாரு?"

"தெரியாது. தெரிஞ்சா மட்டும் உங்ககிட்ட சொல்லிருவோமா?"

"ஜுனிபர்!" என்று அதட்டிய லைல், மெதுவாக நிமிர்ந்து ஹேஸ்கலை நேராகப் பார்த்தார். அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"யாரா இருந்தாலும் அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும். அப்ப இவளுக்கு அம்மா இல்ல. நானும் ஜெயிலுக்குப் போயிருந்தா இவளை எவனோ தூக்கிட்டுப் போய் வளர்த்திருப்பான். எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அதான் அந்தப் பேரையே வெச்சோம்."

ஹேஸ்கல் சட்டையை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக மடித்து வைத்தார்.

"ஒரு புகார் இருக்கு."

லைல் காலி அட்டைப்பெட்டியை இழுத்து, கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தார்.

"யாரு சார் கொடுத்தது?" என்றாள் ஜுனிபர்.

"நான்தான். தெல்மா மூஞ்சி தப்பா இருக்கு. அதை மாத்துங்க. மாத்தினா முதல் தொப்பி எனக்கு."

லைலின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது.

"உங்களையும் குத்தம் சொல்ல முடியாது" என்றபடி ஹேஸ்கல் பர்ஸைத் திறந்தார். "அவ வந்தப்பல்லாம் நீங்கதான் வீட்டுல இருந்ததில்லையே!"

பிறகு இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இந்தாங்க, வந்துட்டா."

மேசைமேல் அவர் வைத்த பழுப்பேறிய படத்தில், போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில், நாக்கைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தது ஒரு மோப்ப நாய்.