ஒரு கட்டப் புல்

மாதிரிக்கு அறுத்துக் காயவைத்த புல்லின் எடையைப் பார்த்துத்தான் மேய்ச்சல் காட்டின் தானியங்கிக் கதவு திறக்கும். புல் குறைவாக இருக்கும்போது மேய்ந்து காடு தரிசாகிவிடக் கூடாதே! அந்தக் கதவு காட்டுக்குள் குறித்துவிட்ட ஒரே சதுரக் கட்டத்தில் வேலாத்தாள் புல்லை அறுத்து, மூன்று நாள் களத்தில் காயப்போட்டிருந்தாள். நான்காம் நாள் தராசோடு போனால், களம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. பத்து நாளாக வெறும் வைக்கோலைத் தின்ற மயிலைப் பசு, அறுந்த கயிற்றோடு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, வேற எடத்துல அறுத்து வெக்கலாமுங்களா?"

"வேற புல்லுன்னா கதவு கண்டுபுடிச்சுரும் புள்ள" என்றான் அவள் கணவன் செங்கோடன்.

பொழுது சாய்ந்ததும் எடை காட்டவேண்டிய கெடு முடிந்தது. வெறும் தராசு பூஜ்யம் காட்டியது.

"புல் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேய்ச்சல் நிறுத்தம்" என்றது கதவு.

வேலிக்கு அந்தப் பக்கம் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்குக் காற்றில் சாய்ந்தது. மயிலை அசைபோட்டபடியே வந்து, கதவு திறக்குமென்று நின்றது.